யார் எழுதுவது, யார் படிப்பது?

அலுவலக வேலையாக வெளியூர் போனால் நாளொன்றுக்கு எவ்வளவு படி கிடைக்கும் என்று ஓர் ஊழியர் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நிறுவனத்தின் இன்ட்ரானெட்டைத் திறந்து தேடுகிறார். மூன்று கோப்புகள் வருகின்றன. மூன்றிலும் மூன்று தொகை. எது இப்போது நடப்பில் உள்ளது என்ற குறிப்பு எதிலும் இல்லை. கடைசியில் ஹெச்.ஆர். பிரிவில் தெரிந்த ஒருவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொள்கிறார். இந்த நிலைக்குக் காரணம் சர்ச் சரியில்லாதது என்பார்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி போதாது என்பார்கள். பல இடங்களில் தவறு அதற்கு வெகு முன்பே, தளத்துக்கு டெம்ப்ளேட் தேர்ந்தெடுத்த அந்தச் சில நிமிடங்களிலேயே நடந்து முடிந்திருக்கும். படம் பெரிதாக வருகிறதா, லோகோ எடுப்பாகத் தெரிகிறதா என்று பார்த்து அந்தத் தேர்வைச் செய்துவிடுகிறார்கள். பார்த்திருக்க வேண்டிய கணக்கு வேறு: இந்தத் தளத்தில் எத்தனை பேர் எழுதப்போகிறார்கள், எத்தனை பேர் படிக்கப்போகிறார்கள்?

உலகெங்கும் அலுவலகங்களில் பரவலாகப் புழங்கும் மைக்ரோசாஃப்ட் ஷேர்பாயின்ட்டையே எடுத்துக்கொள்வோம். 2001-இல் வெளிவந்த மென்பொருள் அது. இன்று அதில் புதிய தளம் திறக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, டீம் சைட் வேண்டுமா, கம்யூனிகேஷன் சைட் வேண்டுமா என்பது. டீம் சைட் என்பது சேர்ந்து வேலை செய்பவர்களுக்கானது. வழக்கமாக அதோடு ஒரு குழுவும் உருவாகும். குழுவுக்கென ஒரு மெயில்பாக்ஸ், ஒரு காலண்டர் எல்லாம் கூடவே வரும். உறுப்பினர் ஒவ்வொருவரும் கோப்புகளைத் திருத்தலாம், பக்கங்களை மாற்றலாம். 2017-இல் அறிமுகமான கம்யூனிகேஷன் சைட் இதற்கு எதிர்த்திசையில் யோசித்துச் செய்யப்பட்டது: சிலர் எழுதுவார்கள், பலர் படிப்பார்கள். அதில் குழு கிடையாது, படிப்பவர்களுக்குத் திருத்தும் அனுமதியும் கிடையாது. ஒன்றில் மெனு இடப்பக்கம், மற்றதில் மேலே என்பது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். உண்மையான வித்தியாசம் அடியில், அனுமதிகளில் இருக்கிறது.

அது எப்படிச் சிக்கலாகிறது என்று பாருங்கள். ஹெச்.ஆர். பிரிவினர் தங்களுக்கு ஒரு டீம் சைட் திறக்கிறார்கள். விடுப்பு விதிகளை எல்லா ஊழியர்களும் படிக்க வேண்டுமே என்று அதைப் பொதுத் தளமாக வைக்கிறார்கள். பொது டீம் சைட்டில் நிறுவனத்துக்குள் இருக்கும் அனைவரும் உறுப்பினர்களாகவே கொள்ளப்படுகிறார்கள்; ஆகவே படிக்கும் உரிமையோடு திருத்தும் உரிமையும் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் தன் வசதிக்காக ஒரு கோப்பை நகலெடுத்து அதே இடத்தில் போடுகிறார், இன்னொருவர் பழைய வரைவை ஏற்றி வைக்கிறார். மூன்று கோப்பு, மூன்று தொகை என்பது இப்படித்தான் உருவாகிறது.

அனுமதிகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாமே என்று ஐ.டி. பிரிவில் சொல்வார்கள். தொழில்நுட்பப்படி அது சரி. ஆனால் முன்கூட்டியே வைத்துத் தரப்பட்ட அமைப்பை மனிதர்கள் எவ்வளவு அரிதாக மாற்றுகிறார்கள் என்பது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தபின் உடலுறுப்பு தர ஒப்புக்கொண்டவர்களின் விகிதத்தை நாடுவாரியாக ஒப்பிட்டார்கள். விரும்புபவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்த ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம். விரும்பாதவர்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றிருந்த ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கும் மேல். பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஒரே மொழி. வாழ்வின் முடிவைத் தொடும் விஷயத்திலேயே இந்த நிலை என்றால், ஒரு தளத்தின் அனுமதிப் பட்டியலைப் பிறகு உட்கார்ந்து திருத்துவார்கள் என்று நம்பித் திட்டம் போடுவது சரியல்ல. டெம்ப்ளேட்டில் எது இயல்பாக வருகிறதோ அதுவே நிறுவனத்தின் பழக்கமாகிவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். துறைப் பக்கம், புதியவர்களுக்கான அறிமுகப் பக்கம் என்று மாதிரிப் பக்கங்களோடு வரும் டெம்ப்ளேட்டுகள் மேலடுக்கு. அவற்றைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், மாற்றலாம். அடியடுக்கு அப்படி அல்ல. குழுவோடு பிறந்த டீம் சைட்டை ஒரு பொத்தானை அழுத்திக் கம்யூனிகேஷன் சைட்டாக ஆக்கிவிட முடியாது. புதிய தளம் திறந்து எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். கலந்தாலோசனையில் நேரமெல்லாம் மேலடுக்குக்கே போய்விடுகிறது என்பதுதான் வருத்தம்.

அடுத்து, எத்தனை தளம், எந்த வரிசையில் என்ற கேள்வி. நிறுவனத்தின் துறை அமைப்பையே தளத்தின் அமைப்பாக வைத்துவிடுவது எளிதாகத் தோன்றும். கணினி வல்லுநர் மெல்வின் கான்வே 1968-லேயே இதைக் கவனித்து எழுதினார்: ஓர் அமைப்புக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அந்த வடிவமே அவர்கள் உருவாக்கும் பொருளிலும் படிந்துவிடும். ஊழியர்களுக்குத் துறைகள் தெரியும்தானே, அதே வரிசையில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். அவர்களுக்குத் தங்கள் துறை தெரியும். அடுத்த துறைக்குள் எந்த வேலை யாரிடம் என்பது தெரியாது. மேலும் துறைகள் இணைகின்றன, பிரிகின்றன, பெயர் மாறுகின்றன. தளத்துக்குள் தளம், அதற்குள் இன்னொரு தளம் என்று அடுக்கியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் முகவரிகள் உடையும். 2018-இல் ஷேர்பாயின்ட்டில் வந்த ஹப் சைட் இதற்கான விடை. தளங்கள் தனித்தனியாக ஒரே மட்டத்தில் இருக்கும்; ஹப் அவற்றைப் பொது மெனுவாலும் தேடலாலும் இணைக்கும். துறை இடம் மாறினால் இணைப்பை மாற்றினால் போதும், தளத்தை நகர்த்த வேண்டாம்.

ஆழமான அடுக்குகள் படிப்பவரைக் களைப்பாக்கும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. 1984-இல் கைகர் என்ற ஆய்வாளர் 64 விஷயங்களைப் பலவித மெனுக்களில் அடுக்கிச் சோதித்தார். ஒவ்வொரு படியிலும் இரண்டே தெரிவுகள், மொத்தம் ஆறு படிகள் என்ற அமைப்பில்தான் தேட அதிக நேரம் பிடித்தது. 1998-இல் லார்சனும் செர்வின்ஸ்கியும் 512 விஷயங்களை வைத்துப் பார்த்தபோது, எட்டெட்டாக மூன்று படி வைத்ததைவிட 16-உம் 32-உமாக இரண்டே படி வைத்தது வேகமாக இருந்தது. மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இன்றும் கூட்டங்களில் சொல்கிறார்கள். அந்த ஏழுக்கு ஆதாரமாகக் காட்டப்படும், ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் 1956-இல் எழுதிய கட்டுரை, மனதில் ஒரே நேரத்தில் நிற்கும் விஷயங்களைப் பற்றியது. கண்ணெதிரே இருக்கும் மெனுவை யாரும் மனப்பாடம் செய்வதில்லை.

அகலமாக வைத்தாலும் ஒரு கோப்பு ஒரே இடத்தில்தானே இருக்க முடியும் என்ற சிக்கல் மிச்சமிருக்கிறது. இதற்கு வழி காட்டியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1933-இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே கிளையில் தொங்கவிடாமல் பொருள், இடம், காலம் முதலிய பல முகங்களில் அடையாளப்படுத்தியது. அட்டவணை நிரல்களில் விவரம் சேர்த்து வடிகட்டும் இன்றைய கோப்பகங்களுக்கு அந்தச் சிந்தனையே வேர். பயணப்படி விதியை ‘நிதி’ என்ற ஃபோல்டரில் போடுவதா ‘ஹெச்.ஆர்.’ என்ற ஃபோல்டரில் போடுவதா என்று வாதாட வேண்டியதில்லை. பொருள், பொருந்தும் அலுவலகம், நடப்புக்கு வந்த தேதி என்று மூன்று நிரல்கள் இருந்தால் இரு பக்கத்திலிருந்து தேடுபவரும் ஒரே கோப்பை வந்தடைவார்கள். டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த நிரல்களையும் முடிவு செய்துவிட வேண்டும். ஆயிரம் கோப்புகள் சேர்ந்த பிறகு அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

நல்ல சர்ச் இருந்தால் இவ்வளவு பாடு எதற்கு, இப்போது ஏ.ஐ. உதவியாளர் வேறு வந்துவிட்டதே என்பது வலுவான எதிர்வாதம். 1987-இல் ஃபர்னஸும் அவரது சகாக்களும் காட்டியபடி, நன்கு தெரிந்த ஒரு பொருளுக்கே இருவர் ஒரே பெயரைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு. ‘பயணப்படி’ என்று எழுதியவரும் ‘டிராவல் செலவு’ என்று தேடுபவரும் சொல்லை மட்டும் பார்க்கும் சர்ச்சில் சந்திக்கமாட்டார்கள். ஏ.ஐ. இந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்புகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்பவருக்கு எதைத் திறக்க அனுமதி இருக்கிறதோ அதையெல்லாம் படித்துத்தான் அது பதில் சொல்கிறது. பழைய வரைவும் நடப்பு விதியும் ஒரே தளத்தில், ஒரே அனுமதியில் கிடந்தால் எதை நம்புவது என்பதற்கு அதனிடமும் உறுதியான ஆதாரம் இல்லை. வரைவுகள் டீம் சைட்டில், முடிவான விதி கம்யூனிகேஷன் சைட்டில் என்று பிரித்து வைத்திருந்தால் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் சேர்த்து அந்தக் குழப்பம் தீர்கிறது.

அப்படியானால் டீம் சைட் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஒரு டெண்டர் தயாரிக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஹெச்.ஆர். பிரிவுக்கே இரண்டும் தேவைப்படும்: உள்ளே விவாதிக்க மூடிய டீம் சைட், வெளியே அறிவிக்க கம்யூனிகேஷன் சைட். நாற்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கு ஹப் எல்லாம் அதிகம். ஒரு கம்யூனிகேஷன் சைட்டும் இரண்டு மூன்று டீம் சைட்டுகளும் தாராளமாகப் போதும். தளம் திறக்கும் முன், ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளைப் பட்டியலிட்டு, மெனுத் தலைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதிச் சிலரிடம் கொடுத்து, விடை எங்கே இருக்கும் என்று விரல் வைக்கச் சொல்லலாம். பலரும் தவறான இடத்தில் விரல் வைத்தால் மாற்ற வேண்டியது தலைப்பை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பொறுப்பாளரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்க வேண்டும். அதற்கு ஆள் ஒதுக்க முடியாத பிரிவுக்குத் தனித் தளம் திறக்காமல், இருக்கும் தளத்திலேயே ஒரு பக்கம் கொடுத்துவிடலாம்.