மதராஸுக்கு வந்த மாட்டராஸி

காளையார்கோவில் வட்டாரத்தில் முட்டு பற்றிப் பேசுவதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் பேச வேண்டும். மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நிஜக் காளையிடம் முட்டு வாங்கிவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து போனவர்கள் வாழும் ஊர்கள் இவை. 2006 ஜூலை 9, பெர்லின், கால்பந்து உலகக் கோப்பை இறுதிப் போட்டி. பிரான்சின் ஜினெடின் ஜிடேன் தலையைக் குனிந்து நெஞ்சில் ஒரு முட்டு வைக்க, இத்தாலியின் மார்கோ மாட்டராஸி மல்லாக்க விழுந்த அந்தக் காட்சியை இங்கே போட்டுக் காட்டினால், “இதுக்கா இந்த விழு விழுந்தான்?” என்றுதான் கேட்பார்கள்.

விழுந்தவரை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் அவருக்கு நடந்ததுதான் கதை. அந்தக் கதை சென்னை நேரு ஸ்டேடியத்துக்குள் வந்து நிற்கிறது என்பதுதான் எனக்குத் தாங்காத குஷி!

முதலில் இத்தாலியின் கொல்லைப்புறத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். டிவியில் நாம் பார்ப்பது சீரி ஏ, மேல்மாடி. அதற்குக் கீழே பி. அதற்கும் கீழே சி. இன்று அந்த சி-யில் மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 20 கிளப் என்று மொத்தம் 60. அதோடு சம்பள ஆட்டக்காரர்களின் உலகம் முடிந்தது. டி-யில் ஆடுபவர் காகிதத்தில் அமெச்சூர். சி-யிலிருந்து சறுக்கினால் தொழிலே போச்சு என்று அர்த்தம்.

அங்கே நடந்த கூத்துகளில் எனக்குப் பிடித்தது உறை ஏலம். ஓர் ஆட்டக்காரரை இரண்டு கிளப்புகள் பாதிப் பாதியாக வாங்கிப்போடலாம்; வயலைக் கூட்டாகக் கிரயம் செய்வது போல. சீசன் முடிந்ததும் முழுசாக யாருக்கு என்று பேசித் தீர்க்க வேண்டும். பேச்சு முறிந்தால் இருவரும் ஆளுக்கொரு தொகை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிரிக்கும்போது எவருடையது பெரிய தொகையோ அவருக்கு ஆள். ஆட்டக்காரர் எங்கோ கடற்கரையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2011-ல் போலோன்யா கிளப் கணக்கில் குழம்பி, உறைக்குள் தப்பான தொகையை எழுதி, கோல்கீப்பர் விவியானோவை இன்டர் மிலானிடம் பறிகொடுத்தது. அடப்பாவிகளா! 2014-ல் இந்த முறைக்கே மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

மாட்டராஸி புழங்கிய இடம் இந்தக் கொல்லைப்புறம். அப்பா ஜுசெப்பே மாட்டராஸி 1988 முதல் 1990 வரை ரோம் நகரின் லாட்ஸியோ அணிக்குப் பயிற்சியாளர். அப்பா பெயரைச் சொல்லி மேல்மாடிக்கு ஏறியிருக்கலாமே என்று தோன்றும். மகனோ டோர் டி குவின்டோ என்ற அமெச்சூர் கிளப்பில் ஆடினார். பிறகு சிசிலித் தீவின் மார்சாலா, அதற்கடுத்து பக்கத்து ஊர் டிராப்பானி. டிராப்பானி 1995-ல் பி-க்கு ஏறும் வாய்ப்பை நூலிழையில் விட்டது. பெருஜியா அவரை வாங்கியது. வாங்கியும், கார்பி என்ற சின்ன ஊருக்கு இரவல் கொடுத்தது. மறுபடியும் மூன்றாம் டிவிஷன்!

அப்பா பயிற்சி கொடுத்த அதே லாட்ஸியோவின் பையன்கள் பிரிவில் வளர்ந்தவர் அலெஸ்ஸான்ட்ரோ நெஸ்டா. மாட்டராஸியை விட மூன்று வயது சின்னவர். 17 வயதிலேயே சீரி ஏ-யில் இறங்கிவிட்டார். இருவருமே தடுப்பாட்டக்காரர்கள். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ளீஸ்.

1998-ல் இங்கிலாந்தின் எவர்ட்டனுக்குப் போன மாட்டராஸி ஒரே சீசனில் திரும்பினார். 2000-01 சீசனில் பெருஜியாவுக்காக 12 கோல். தடுப்பாட்டக்காரர் அடித்த 12 கோல்! அர்ஜென்டினாவின் பஸ்ஸரெல்லா வைத்திருந்த சாதனை போயே போச்சு. 27 வயதில் இத்தாலி சட்டை, அதே வருடம் இன்டர் மிலான்.

2006 உலகக் கோப்பைக்கு அவர் போனது பெஞ்சில் உட்காரத்தான். செக் குடியரசுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயம்பட்டு வெளியேற, மாட்டராஸி உள்ளே வந்தார். வந்த சூட்டிலேயே தலையால் ஒரு கோல். அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை. இறுதிப் போட்டியில் அவர் செய்த தவறால் பிரான்சுக்கு பெனால்டி. 19-வது நிமிடத்தில் அவரே தலையால் சமன் செய்தார். 110-வது நிமிடத்தில் முட்டு வாங்கினார். கடைசி பெனால்டி சுற்றில் உதைத்ததும் உள்ளே. ஒரே ஆள் இத்தனை வேஷம் கட்டினால் மற்றவர்கள் எதற்கு? அதோடு விட்டாரா? ஜிடேனிடம் நிஜமாக என்ன சொன்னேன் என்று தலைப்புப் போட்டு ஒரு நகைச்சுவைப் புத்தகமே வெளியிட்டார், வருமானம் யுனிசெஃபுக்கு.

2010 மே 22, மாட்ரிட். சாம்பியன்ஸ் லீக் கோப்பையை இன்டர் ஜெயித்த இரவு. மாட்டராஸி ஆடியது கடைசி ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். ஆனால் ஸ்டேடியத்துக்கு வெளியே, கிளம்பிய காரை நிறுத்தி இறங்கி ஓடிவந்த பயிற்சியாளர் மொரீன்யோ கட்டிப்பிடித்து அழுதது யாரை? சுவரோரம் சாய்ந்து நின்ற இவரைத்தான். இன்டர்நெட்டில் இருக்கிறது, ராத்திரி தனியாகப் பாருங்கள்.

இப்போது சென்னை. 2014-ல் ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய முதல் வருடம், சென்னையின் எஃப்சி என்ற அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்து இறங்கினார் மாட்டராஸி, 41 வயதில். அந்த சீசனில் அணிக்கு யாரைக் கூட்டிவந்தார் தெரியுமா? நெஸ்டாவை! எவருக்கு மாற்றாக பெஞ்சிலிருந்து எழுந்தாரோ, அவரை இன்று ஆட விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் நாற்காலியில் இவர். இதற்கு மேல் ஒரு திரைக்கதை ஆசிரியருக்கு என்ன வேண்டும்? லீக் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் 117-வது நிமிடத்தில் வாங்கிய கோலில் எல்லாம் போனது.

2015 இன்னும் மோசமாகத் தொடங்கியது. பாதி சீசன் தாண்டியும் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளரை எப்போது மாற்றுவார்கள் என்று பேச்சு கிளம்பும் நிலைமை. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் ஜெயித்து அரையிறுதி! அதற்குள் டிசம்பர் வெள்ளம் சென்னையை மூழ்கடிக்க, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேயில் ஆடினார்கள். கொல்கத்தாவுக்கு எதிராக 3-0. ஊருக்கே கூரை போன நேரத்தில், மைதானம் போன ஓர் அணி அடித்த மூன்று கோல். கீழ் டிவிஷனில் வளர்ந்தவருக்கு இது பழகிய வாழ்க்கை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்: இன்று இங்கே, நாளை எங்கேயோ, பந்து மட்டும் அதே பந்து.

டிசம்பர் 20, கோவாவின் ஃபடோர்டா மைதானம், இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் கோவா 2-1. அவர்கள் ரசிகர்கள் கோப்பையைத் தூக்கியே விட்டார்கள். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே விட்டார். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் கொலம்பியாவின் மென்டோசா ஒன்று அடித்தார். அந்த சீசனில் அவருக்கு அது 13-வது. 3-2. சென்னைக்குக் கோப்பை!

2016-ல் அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது, மாட்டராஸி மூட்டை கட்டினார். அடுத்து வந்த ஜான் கிரெகரி 2018 மார்ச்சில் சென்னைக்கு இன்னொரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த சீசன் தொடங்கும் நேரத்தில்தான் இத்தாலி, உலகக் கோப்பைக்கே தகுதி பெறாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டது.