காவலர்மீது புகார் வந்தால் விசாரிப்பது யார்?

தருமபுரி மாவட்டம் அரூர் அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் பழங்குடி மக்கள் சங்கமும் நீதிமன்றப் படியேறிய பிறகு, 1995-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி விசாரணை சிபிஐக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 108 பேர் காவலர்கள். 2011-இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

தாமதமானாலும் சட்டம் வென்றதே என்பார்கள். வென்றதுதான், ஆனால் எப்போது? விசாரணை மாநில நிர்வாகத்தின் கையைவிட்டுப் போன பிறகு. 1993-இல் காவலில் இறந்த குறவர் சமூகத்தின் ராஜாக்கண்ணு, நிலையத்திலிருந்து தப்பி ஓடிவிட்டதாகவே போலீஸ் கணக்கு எழுதியது. அங்கும் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே உண்மை வெளியே வந்தது. ஊரில் திருட்டு நடந்தால் முதல் சந்தேகம் குறவர், இருளர் குடியிருப்புகளின்மேல் விழுவது நேற்றுத் தொடங்கிய பழக்கமல்ல. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. சட்டம் 1952-இல் நீங்கியது, சந்தேகம் நீங்கவில்லை. அடித்தவர் வேலை பார்க்கும் நிலையத்திலேயே அடிபட்டவர் புகார் கொடுக்க வேண்டுமென்றால், அவர் எப்படித் துணிந்து வருவார்? மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்றால், ஓராண்டு கடந்த சம்பவத்தை அது விசாரிக்க முடியாதென்று அதன் சட்டமே சொல்கிறது.

இதற்கு வழி 2006-லேயே சொல்லப்பட்டது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் காவல் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது. தமிழகத்தின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நாற்காலியில் உள்துறைச் செயலரை உட்காரவைத்து, டிஜிபியை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரும் எஸ்பியும். பெயருக்குத்தான் ஆணையம். வெளியாள் விசாரித்தால் காவலர்களின் மனஉறுதி குலையும் என்ற வாதத்தைப் புறந்தள்ள வேண்டியதில்லை; பொய்ப் புகார்களும் வரத்தான் செய்கின்றன. ஆனால் பொய்ப் புகாரில் சிக்கிய நேர்மையான காவலருக்கும் வெளியார் விசாரணைதான் பாதுகாப்பு. சக அதிகாரி கொடுக்கும் நற்சான்றை எந்தக் குடியிருப்பும் நம்பப் போவதில்லை. சட்டமன்றம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி, ஆணையத்தின் தலைமையை ஓய்வுபெற்ற நீதிபதியிடம் ஒப்படைக்க வேண்டும்.