ஜெபமாலை அணிந்த பிச்சைக்காரர்

யாழ்ப்பாணத் தெருவில் ஒரு பிச்சைக்காரர் நடந்தார். கந்தல் துணி. கழுத்தில் ஒரு ஜெபமாலை!

அவர் ஒரு பாதிரியார். பெயர் யோசேப் வாஸ். 1651-ல் கோவாவில் பிறந்தவர். அப்போது இலங்கைக் கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்கள் கத்தோலிக்கப் பாதிரிமாருக்குத் தடை போட்டிருந்தார்கள். ஆகவே 1687-ல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்தார். வெறுங்கால் நடை மட்டும் வேடம் அல்ல. கோவாவிலேயே அவர் ஏற்றுக்கொண்ட தவம் அது.

வீடு வீடாகப் பிச்சை கேட்டார். ஜெபமாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று கவனித்தார். ஒளிந்து வாழ்ந்த கத்தோலிக்கர்களை இப்படித்தான் கண்டுபிடித்தார். என்ன சாமர்த்தியம்! இரவில் அவர்கள் வீடுகளில் ரகசியமாகப் பூசை நடந்தது. தமிழும் கற்றார், சிங்களமும் கற்றார்.

பிறகு கண்டிக்குப் போனார். "ஒற்றன்" என்று பிடித்துச் சிறையில் தள்ளினார்கள். அங்கும் ஜெபம் நிற்கவில்லை.

1697-ல் அதே கண்டியில் பெரியம்மை பரவியது. நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஜனங்கள் ஓடினார்கள். வாஸ் ஓடவில்லை. கர்வாலோ பாதிரியார் துணை நின்றார். இருவரும் குடிசை போட்டார்கள். புண்ணைக் கழுவினார்கள். சோறு கொடுத்தார்கள். இறந்தவர்களைப் புதைத்தார்கள். நீ என்ன மதம் என்று யாரையும் கேட்கவில்லை.

கண்டியிலேயே 1711 ஜனவரி 16-ல் வாஸ் இறந்தார். 2015-ல் போப் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.