வீடு மாறுதல்: சிக்கனமும் சூழலும்

சூழல் பாதுகாப்பு என்றதும் எம்மவரில் பலர் அதை வசதி படைத்த வெள்ளையரின் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகின்றனர். பிழைப்பே போராட்டமாக இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்பது அவர்களது வாதம். வீடு மாறுதல் என்ற சாதாரண விடயத்தை எடுத்துக்கொண்டால் இவ்வாதம் பெரும்பாலும் நிற்காது. நான் வாழும் ஜேர்மனியை வைத்தே இதை விளக்க முயல்கிறேன்.

சூழலைப் பொறுத்தவரை முக்கியமான முடிவு, எந்த வீட்டுக்குப் போகிறோம் என்பதே. என்னோடு தொழிற்சாலையில் நிற்பவர்களுக்கு வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. அந்நேரத்துக்குப் பஸ் இல்லாத ஊரில் வாடகை நூறு யூரோ குறைவென்பது இலாபமல்ல. கார் அதை விழுங்கிவிடும். அடுத்தது வெப்பமூட்டும் செலவு. 2014 மே முதல், வீடு பார்க்க வருபவருக்கு வீட்டுக்காரர் சக்திச் சான்றிதழைக் காட்டவேண்டும் என்பது பொதுவிதி. எம்மவர் பலர் அதைக் கேட்பதில்லை. குளிர்காலக் கட்டணம் வந்தபின் கேட்டுப் பயனில்லை.

பெட்டிகளைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. வாழைப்பழம் வரும் அட்டைப்பெட்டிகளைச் சுப்பர்மார்க்கெட்டுகளில் கேட்டுப் பெறலாம். பதினெட்டுக் கிலோ பழத்தைக் கடல்கடந்து சுமந்து வந்தவை அவை. கைபிடிக்கத் துவாரமும் உண்டு. அடியில் இடைவெளி இருப்பதால் ஒரு மட்டை போடவேண்டும். புத்தகங்களைப் பாதிவரை அடுக்கி, மேலே உடுப்புகளை வைத்தால் முதுகு தப்பும். கோப்பைகளைச் சுற்றத் துவாய்களும் போர்வைகளும் போதும். அவையும் போகத்தானே வேண்டும்.

சிறு காரில் ஏழெட்டுத் தடவை ஓடுவதிலும், ஒரு வானை அரைநாள் வாடகைக்கு எடுத்து ஒரேயடியாக ஏற்றுவது மலிவு. சாதாரண கார் அனுமதிப்பத்திரத்துடன் 3.5 தொன் வரையான வானை ஓட்டலாம். அரச உதவியில் வாழ்பவர்கள் மாறுவதற்கு முன்னரே ஜொப்சென்ரரின் சம்மதத்தை எழுத்தில் பெறவேண்டும்.

வெள்ளையடிப்பதிலும் வீண்செலவு உண்டு. வெள்ளையடிக்காத வீட்டைத் தகுந்த ஈடின்றிப் பொறுப்பேற்றவர், அச்சடித்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அடித்துக் கொடுக்கவேண்டியதில்லை என்று சமஷ்டி உயர்நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வீட்டை ஏற்கும் நாளில் சுவர்களைப் படமெடுத்து வைப்பது நல்லது.

சிக்கனமும் சூழலும் முரண்படும் இடங்களும் உண்டு. இருபது வருடப் பழைய குளிர்சாதனப்பெட்டி இலவசமாகக் கிடைத்தாலும், தன் விலையை மின்சாரக் கட்டணத்தில் வசூலித்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த புதிய அலுமாரி வாங்கும்போது மலிவு. கழற்றிப் பூட்டும்போது துளைகள் தளர்ந்து குப்பையாகிறது. பாவித்த மர அலுமாரி பல வீடுகளைத் தாண்டும். ஆனால் கையில் காசில்லாதவன் மலிவானதையே மறுபடி மறுபடி வாங்கவேண்டியிருக்கிறது. இதை அவனது அறியாமை என்று சொல்லும் சூழல்வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. தவணைக்கு வாங்கும் வசதியும், பாவித்த பொருட்களைத் திருத்தி விற்கும் கடைகளும் இல்லாத இடத்தில் அறிவுரை மட்டும் போதாது.

கடைசியாக, கடதாசித் தொட்டி. வீடு மாறும்போது எம்மவர் முதலில் எறிவது பழைய சஞ்சிகைகளையே. மீள்சுழற்சி நல்லதுதான். ஆயினும் 1980களிலும் 90களிலும் அகதிகள் சொந்தக் காசில் அச்சிட்ட சில நூறு பிரதிகளை மீண்டும் எங்கே தேடுவது? 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பற்றி இன்றும் எழுதுகிறோம். எங்கள் வீட்டு மூலையிலுள்ள கட்டுகளைப் பற்றியும் யோசிக்கவேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் இத்தகைய இதழ்களை மின்வருடி எவரும் வாசிக்கும்படி வைத்து வருகிறது. பாரத்தைக் குறைக்க விரும்புவோர், எறியுமுன் தம்மிடமுள்ள இதழ்கள் அங்கு இருக்கின்றனவா என்று பார்க்கட்டும், இல்லாதவற்றை அனுப்பிவைக்கட்டும்.