பலன் தெரிவதற்குள் மூடப்பட்ட குழந்தைகள் மையங்கள்: இங்கிலாந்தின் ‘ஷுயர் ஸ்டார்ட்’ சொல்லும் பட்ஜெட் பாடம் என்ன?

நாடு முழுக்கச் செலவைக் குறைக்கச் சொன்ன பிரதமரே, தன் சொந்தப் பகுதியில் கத்தரி விழுந்ததும் ‘ஏன்?’ என்று கேட்டுக் கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்? 2015-ல் பிரிட்டனில் அப்படித்தான் நடந்தது.

அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூனின் தொகுதியான விட்னி, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் கவுன்ட்டியில் இருக்கிறது. அங்குள்ள கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், முதியோர் பகல்நேர மையங்களிலும் நூலகங்களிலும் செலவைக் குறைத்து, குழந்தைகள் மையங்களை மூடவும் திட்டமிட்டது. கேமரூன் தன் அதிருப்தியைக் கடிதத்தில் கொட்டினார். மக்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் சேவைகளில் கை வைக்காமல், அலுவலகச் செலவைக் குறைக்கலாமே என்பது அவர் வாதம்.

கவுன்சில் தலைவர் இயன் ஹட்ஸ்பெத்தும் அதே கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்தான். அலுவலகச் செலவை எல்லாம் ஏற்கெனவே குறைத்தாகிவிட்டது, மத்திய அரசு தரும் நிதிதான் சரிந்துகொண்டே போகிறது என்று அவர் பதில் எழுதினார். கடிதங்கள் கசிந்து பெரிய செய்தியாகின. சில மாதங்களில், மையங்களை மூடக்கூடாது என்ற மனுவில் பிரதமரின் தாயார் மேரி கேமரூனும் கையெழுத்திட்டார்.

எதுவும் பலிக்கவில்லை. 2017-ல் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் 44 குழந்தைகள் மையங்களுக்குப் பதிலாக 8 மையங்களை மட்டும் கவுன்சில் வைத்துக்கொண்டது. சில மையங்களை உள்ளூர் மக்களே கையில் எடுத்து நடத்தினார்கள்.

பிரதமரின் குடும்பமே எதிர்த்தும் காப்பாற்ற முடியாத அந்த மையங்களில் அப்படி என்ன இருந்தது? கத்தரி ஏன் முதலில் அங்கேயே போனது?

‘ஷுயர் ஸ்டார்ட்’ என்றால் என்ன?

டோனி பிளேர் தலைமையிலான லேபர் அரசு 1998-ல் இந்தத் திட்டத்தை அறிவித்தது. பிரிட்டன் நிதித்துறையின் பொருளாதார நிபுணர் நார்மன் கிளாஸ் இதன் சிற்பியாகக் கருதப்படுகிறார். 1999 முதல் இங்கிலாந்தின் மிகவும் பின்தங்கிய பகுதிகளில் முதல் மையங்கள் திறக்கப்பட்டன.

யோசனை ரொம்ப எளிமையானது. குழந்தை பிறந்தது முதல் பள்ளிக்குப் போகும் வரையிலான வயதுதான் அதன் எதிர்காலத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஆனால், அந்த வயதில் குடும்பத்துக்குத் தேவைப்படும் உதவிகள் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. தடுப்பூசிக்கு ஓர் இடம், பேச்சுப் பயிற்சிக்கு வேறு இடம், வேலை தேட இன்னோர் அலுவலகம். எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தால் என்ன?

அங்கன்வாடியும் தாய்சேய் நல மையமும் வேலைவாய்ப்பு ஆலோசனையும் ஒரே கட்டடத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். தாய்ப்பால் தருவதில் சிரமப்படும் அம்மாவுக்கு அங்கே ஆலோசனை உண்டு. குழந்தைகள் விளையாட இடம் உண்டு. வீட்டை விட்டு வெளியே வரத் தயங்கும் குடும்பங்களைத் தேடி ஊழியர்கள் வீட்டுக்கே போவார்கள். தொடக்க கால மையங்களை நடத்துவதில் உள்ளூர் பெற்றோர்களுக்கும் பங்கு இருந்தது.

இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, தள்ளுவண்டியில் குழந்தையை உட்காரவைத்து நடந்தே போகும் தூரத்தில் மையம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். இரண்டு, அந்தப் பகுதியில் யார் வேண்டுமானாலும் வரலாம். ‘ஏழைகளுக்கு மட்டும்’ என்ற முத்திரை இல்லாததால், உள்ளே வர யாரும் கூச்சப்படத் தேவையில்லை.

2003-க்குப் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மையம் என்று திட்டம் விரிவடைந்தது. பொறுப்பு கவுன்சில்களின் கைக்கு வந்தது. 2010-ல் இங்கிலாந்தில் 3,500-க்கும் மேற்பட்ட மையங்கள் இருந்தன. உச்சத்தில் ஆண்டுச் செலவு சுமார் 180 கோடி பவுண்டு.

கத்தரி எப்படி விழுந்தது?

2010-ல் கேமரூன் தலைமையில் கூட்டணி அரசு வந்தது. 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு பற்றாக்குறையைக் குறைப்பதுதான் முதல் வேலை என்று அது சிக்கன நடவடிக்கைகளில் இறங்கியது. ‘ஷுயர் ஸ்டார்ட்டை ஒழிக்கிறோம்’ என்று எந்த அமைச்சரும் அறிவிக்கவில்லை. நடந்தது வேறு.

அதுவரை இந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடக்கூடாது என்று வேலி போட்டு ஒதுக்கியிருந்தார்கள். 2011-ல் அந்த வேலி அகற்றப்பட்டது. குழந்தைகள் மையத்துக்கான பணம் பெரிய பொது நிதியில் கலந்தது. எதற்கு எவ்வளவு என்பதை இனி கவுன்சிலே முடிவு செய்யலாம். கேட்க நல்ல அதிகாரப் பகிர்வு மாதிரி இருக்கும். ஆனால், அதே சமயத்தில் மொத்த நிதியும் சுருங்கியது. 2010-க்கும் 2020-க்கும் இடையே இங்கிலாந்து கவுன்சில்களுக்கான மத்திய அரசு மானியம், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் சுமார் 40% குறைந்தது.

விளைவு: 2017-18-ல் ஷுயர் ஸ்டார்ட் செலவு சுமார் 60 கோடி பவுண்டாக இறங்கியது. உச்சத்தில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு!

எத்தனை மையங்கள் மூடப்பட்டன என்று எண்ணுவதே சிக்கலானது. 2017 வரை 500-க்கும் மேல் என்றது அரசுக் கணக்கு. உண்மையில் அது 1,000 வரை இருக்கலாம் என்று 2018-ல் சட்டன் டிரஸ்ட் ஆய்வு சொன்னது. காரணம், பல இடங்களில் பெயர்ப்பலகை அப்படியே இருந்தது. திறந்திருக்கும் நேரம்தான் குறைந்தது. சில மையங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. சில இடங்களில், அதிகாரிகள் பரிந்துரைத்து அனுப்பும் குடும்பங்களுக்கே முன்னுரிமை என்றானது. கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரலாம் என்ற அடிப்படையே அங்கே ஆட்டம் கண்டது.

ஏன் இந்தச் சேவைகளுக்கே முதல் அடி?

இங்கிலாந்து கவுன்சில்களுக்குக் கைகள் பல பக்கம் கட்டப்பட்டுள்ளன. ஒவ்வோர் ஆண்டும் வரவும் செலவும் சமமாக இருக்கும் பட்ஜெட் போட வேண்டும் என்பது சட்டம். சம்பளம் போன்ற அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்க முடியாது. உள்ளூர் வரியைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உயர்த்தினால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்.

இன்னொரு பக்கம், செய்தே ஆக வேண்டிய வேலைகள் உள்ளன. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு அதில் ஒன்று. ஆபத்தில் இருக்கும் குழந்தைகளைக் கவுன்சிலே பொறுப்பேற்று வளர்ப்பது மற்றொன்று. 2010-ல் கவுன்சில்களின் பொறுப்பில் சுமார் 64,000 குழந்தைகள் இருந்தார்கள். 2023-ல் சுமார் 84,000. இந்தச் செலவை ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்று தள்ளிப்போட முடியாது.

குழந்தைகள் மையம் நடத்துவதும் சட்டப்படி கடமைதான். ஆனால், உள்ளூர்த் தேவைக்குப் ‘போதுமான’ மையங்கள் என்றுதான் சட்டம் சொல்கிறது. போதுமானது எத்தனை? 44-ஆ, 8-ஆ? எண்ணிக்கை இல்லை. கறாராகச் சொல்லப்படாத கடமை, பணம் இல்லாதபோது முதலில் வெட்டுப்படும்.

கடைசியில் சமாளிக்கவே முடியாவிட்டால், ‘பிரிவு 114’ அறிவிப்பு வரும். கிட்டத்தட்ட திவால் நோட்டீஸ் மாதிரி. புதிய செலவுகள் நிறுத்தப்படும். 2023 செப்டம்பரில் 11 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் பர்மிங்ஹாம் நகரக் கவுன்சில் அதை வெளியிட்டது. சம ஊதிய வழக்குகளின் நிலுவை, சொதப்பிய கணினித் திட்டம் என அங்கே கூடுதல் காரணங்களும் உண்டு. ஆனால், 2024-ல் வந்த சுமார் 30 கோடி பவுண்டு வெட்டுத் திட்டம் நூலகம், கலை, இளைஞர் சேவை என்று பழக்கமான இடங்களிலேயே போய் நின்றது.

சரி, மையங்களால் உண்மையிலேயே பலன் இருந்ததா?

இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம். 2005-ல் வந்த முதல் தேசிய மதிப்பீட்டில் முடிவுகள் சுமார்தான். மிகவும் பின்தங்கிய சில குடும்பங்களுக்குப் பாதகமான விளைவுகள்கூடத் தெரிந்தன. ‘பணம் வீண்’ என்ற விமர்சனம் எழுந்தது. அடுத்தடுத்த மதிப்பீடுகள் கொஞ்சம் நம்பிக்கை தந்தன. அப்போதும் அந்தக் குழந்தைகள் சின்னப் பிள்ளைகள்தான்.

அவர்கள் வளர்ந்த பிறகுதான் முழுப் படம் வந்தது. லண்டனின் ஐ.எஃப்.எஸ். என்ற நிதி ஆய்வு நிறுவனம் தொடர்ந்து வெளியிட்ட முடிவுகள் இவை:

• 2019: மையங்கள் உச்சத்தில் இருந்த அளவில், 11 வயதுக் குழந்தைகளிடையே மட்டும் ஆண்டுக்குச் சுமார் 5,500 மருத்துவமனை அனுமதிகள் தவிர்க்கப்பட்டன. பலன் ஏழைப் பகுதிகளில்தான் குவிந்திருந்தது. வசதியான பகுதிகளில் தெரியவில்லை.

• 2024: மையத்துக்கு அருகில் வளர்ந்த, பள்ளியில் இலவச மதிய உணவு பெறத் தகுதியுள்ள ஏழைக் குழந்தைகள், 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 3 கிரேடு வரை கூடுதலாக எடுத்தார்கள்.

• 2025: மொத்தக் கணக்கில், செலவிட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் சுமார் 2 பவுண்டு பலன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேர்வு மதிப்பெண் உயர்வு, அதிக நிதியோடும் பெற்றோர் பங்கேற்போடும் 2003-க்குள் தொடங்கிய முதல் மையங்களால் வந்தது. பின்னர் வேகமாகப் பரவிய மையங்களில் அந்த அளவு பலன் காணப்படவில்லை. ‘தேவைப்படும் இடத்தில் கவனம் செலுத்துங்கள்’ என்ற விமர்சகர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. ஆனால், பட்ஜெட் வெட்டு நல்ல மையம் எது, சுமாரான மையம் எது என்று பார்த்துப் பிரிக்கவில்லை.

யார் செலவு, யார் லாபம்?

மையத்துக்குச் செலவு செய்வது கவுன்சில். குழந்தைக்கு அடிபடுவது குறைந்தால் மிச்சமாவது அரசு மருத்துவத்துறையின் பணம். நன்றாகப் படித்து, வேலைக்குப் போய் வரி கட்டினால் அது போவது மத்திய நிதித்துறைக்கு. ஒருத்தர் பாக்கெட்டிலிருந்து போகிற பணம், இன்னொருத்தர் பாக்கெட்டுக்கு, அதுவும் 15 வருஷம் கழித்து வருகிறது. மார்ச் மாதத்துக்குள் கணக்கை நேர் செய்ய வேண்டிய கவுன்சிலுக்கு இந்த லாபம் கண்ணில் படவே படாது.

மூடினால் மிச்சமாகும் தொகை பட்ஜெட் தாளில் உடனே தெரியும். மூடியதால் வரும் செலவு எந்தத் தாளிலும் அந்தப் பெயரில் வராது. ஒரு சமூக ஆதரவுச் சேவையை வெட்டும்போது ‘இவ்வளவு சேமிப்பு’ என்று சொல்லப்பட்டால் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பார்க்கலாம். அந்தச் சேவையை நம்பியிருந்தவர்கள் நாளை எங்கே போவார்கள்? அந்தச் செலவு எந்தத் துறையின் தலையில் விழும்? பலனை அளக்கும் காலம் வந்துவிட்டதா?

இப்போது என்ன நிலை?

பிரிட்டன் அரசு மீண்டும் அதே பாதைக்குத் திரும்பியிருக்கிறது. 2022-ல் கன்சர்வேட்டிவ் அரசு 75 கவுன்சில்களில் ‘குடும்ப மையங்கள்’ திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஜூலையில் லேபர் அரசின் கல்வி அமைச்சர் பிரிட்ஜெட் பிலிப்சன், 50 கோடி பவுண்டுக்கும் அதிகமான நிதியில் ‘பெஸ்ட் ஸ்டார்ட்’ குடும்ப மையங்களை அறிவித்தார். 2028 இறுதிக்குள் 1,000 மையங்கள் வரை திறப்பது இலக்கு. ஷுயர் ஸ்டார்ட் உச்சத்தில் இருந்தபோது இருந்த மையங்களில் இது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

மையங்கள் சுருங்கிக்கொண்டிருந்த 2012-ல் பிறந்த குழந்தைகளுக்கு, அந்த 2028-ல் 16 வயது. அவர்களில் பெரும்பாலோர் ஜிசிஎஸ்இ எழுதும் வருடம் அது.