முதலில் இறங்கப் பழக வேண்டும்

ஜிம்னாஸ்டிக்ஸில் ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி கால் தரையில் பதியும் நேரத்தில் நேர்பவை. ஒரு பல்டி அடித்து இறங்கும்போது கணுக்காலும் முழங்காலும் ஒரு கணம் தாங்கும் விசை, உடல் எடையைப் போலப் பத்து மடங்கைக்கூட எட்டும். 30 கிலோ எடையுள்ள சிறுமிக்கு அது 300 கிலோவுக்குச் சமம். பெரிய பயிற்சிக் கூடங்களில் ஸ்பாஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியும், ஸ்பிரிங் பொருத்திய தளமும் இந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணோ கோடையில் கல்லாக இறுகிவிடும். அப்படிப்பட்ட மைதானத்தில் பல்டி பழகக் கூடாது. நீளம் தாண்டுவதற்கான மணற்குழியை நன்றாகக் கிளறிவிட்டு, கல், கண்ணாடி இல்லையென்று பார்த்து, இறங்கும் பயிற்சியை அங்கே தொடங்கலாம். கை ஊன்றும் பயிற்சிக்கும் குட்டிக்கரணத்துக்கும் மெத்தை கட்டாயம்.

இறங்குவதைத் தனிப் பாடமாகவே கற்றுத்தர வேண்டும். முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு படியிலிருந்து குதிக்கச் சொன்னால் போதும். முன்பாதம் முதலில் பட்டு, குதிகால் பிறகு படிய வேண்டும். முழங்கால் மடங்கும்போது கால்விரல்களின் திசையிலேயே போக வேண்டும். இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று நெருங்கினால் உயரத்தைக் கூட்டக் கூடாது. அந்தச் சாய்வுதான் முழங்காலின் ஏ.சி.எல். என்னும் லிகமென்ட் அறுந்துபோக வழி செய்கிறது. பருவமடையும் வயதுப் பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். சத்தம் குறையக் குறைய இறக்கம் சரியாகிறது என்று பொருள். இதைக் காதாலேயே கண்டுகொள்ளலாம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுபவர்கள் பெரும்பாலும் வளரும் பிள்ளைகள். அவர்களுடைய எலும்பின் நுனியை ஒட்டி வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். சுற்றியுள்ள லிகமென்ட்டைவிட அது பலம் குறைந்தது. ஆகவே பெரியவர்களுக்குச் சுளுக்காக முடியும் அடி, பிள்ளைகளுக்கு வளர்தட்டு முறிவாக முடியலாம். கைகளே கால்களாகும் விளையாட்டு இது என்பதால் மணிக்கட்டுக்குத்தான் முதல் தொல்லை. கை ஊன்றி நிற்கும்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலி வந்து, பல நாள் ஆகியும் போகாவிட்டால், அங்குள்ள வளர்தட்டு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். குதிகால் வலியும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும் இடத்து வலியும் அதே வகைதான். குதிப்பதைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முதுகு விஷயத்தில் அலட்சியம் ஆகாது. பின்னால் வளையும் பயிற்சிகளில் தோளும் இடுப்பும் தங்கள் பங்குக்கு வளையாவிட்டால், முழு வளைவும் கீழ்முதுகின் கடைசி முள்ளெலும்பில் விழும். நாளடைவில் அங்கே மயிரிழைக் கீறல் உண்டாகும். ஒற்றைக் காலில் நின்று பின்னால் சாய்ந்தால் சுரீரென்று வலிப்பது அதன் அடையாளம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் பெரும்பாலும் சரியாகும்.

பலம் சேர்க்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. பள்ளி மைதானத்தில் ஒரு சிங்கிள் பாரும் கட்டித் தொங்கவிட்ட கயிறும் இருந்தால் பிடியும் தோளும் வலுக்கும். பக்கத்து விழுப்புரத்தில் பிள்ளைகள் பழகும் மல்லர் கம்பம் இதற்கு நல்ல சான்று. விளக்கெண்ணெய் தடவிய மரக்கம்பத்தில் சொந்த உடலின் எடையை மட்டும் வைத்தே அவர்கள் வலிமை சேர்க்கிறார்கள். வயிற்றுத் தசைக்கு, மல்லாந்து படுத்துத் தோளையும் காலையும் சற்றே தூக்கி, கீழ்முதுகு தரையை விட்டு எழாமல் அரை நிமிடம் நிறுத்துவது அடிப்படைப் பயிற்சி. இதைச் செய்ய முடியாத குழந்தையைப் பின்பல்டிக்குத் தள்ளுவது தவறு.

உடல் வளைய வேண்டும் என்பதற்காக முதுகின் மேல் ஏறி அழுத்துவதும், ஸ்பிளிட் உட்காரும் பிள்ளையின் தோளைப் பிடித்துக் கீழே தள்ளுவதும் இன்னும் நடக்கின்றன. இவை உடனே நிற்க வேண்டும். உடல் சூடேறிய பிறகு, சொந்த முயற்சியில், சில வாரங்கள் விடாமல் செய்தாலே வளைவு வந்துவிடும். நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சியை முடிவில் வைத்துக்கொள்வது நல்லது. குதிப்பதற்குச் சற்று முன்னால் செய்தால் தசையின் வேகம் குறையும். கையால் பிடித்து எவ்வளவு உயரம் காலைத் தூக்க முடிகிறதோ, அதே உயரத்துக்குக் கைபிடிக்காமலும் தூக்க முடிந்தால்தான் அந்த வளைவு பயன்படும். பிறவியிலேயே ரப்பராக வளையும் பிள்ளைகளுக்கு மேலும் இழுப்பு வேண்டாம். அவர்களுக்குப் பலம்தான் தேவை.

மாதம் ஒருமுறை உயரத்தைச் சுவரில் குறித்துவைப்பது எளிய வேலை. கோடு திடீரென்று மேலேறும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கும். அப்போது குதிப்பின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எடை கூடிவிடும் என்று பட்டினி போடுவது எலும்பைக் கரைக்கும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறும். சத்துணவு முட்டை, கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, இந்த மண்ணில் விளையும் கடலை என்று வயிறார உண்டுதான் பழக வேண்டும்.

ஆறாத காயத்தோடு திரும்பினால் என்ன ஆகும் என்பதற்கு சோவியத் வீராங்கனை எலெனா முகினா சாட்சி. 1979இல் கால் முறிந்த அவர், முழுதும் குணமாகுமுன் பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாட்களே இருக்கும்போது, தாமஸ் சால்டோ என்னும் தாவலில் கழுத்தெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுதும் முடங்கிப்போனார். பிற்பாடு அந்தத் தாவல் பெண்களுக்குத் தடை செய்யப்பட்டது. அகர்தலாவின் தீபா கர்மாகர் வேறு கதை. ரியோ ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம் பெற்ற அவருக்கு 2017இல் ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சை நடந்தது. ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் வால்ட் பிரிவில் தங்கம் வென்றார். 2024இல், 30 வயதில், தாஷ்கண்டில் ஆசிய சாம்பியனும் ஆனார்.

அடிபட்ட பிள்ளையைச் சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப்போய் உருவிவிடுவதும் இறுக்கிக் கட்டுப்போடுவதும் கிராமங்களில் வழக்கம். வளர்தட்டு முறிந்திருந்தால், உருவுவது அந்த எலும்பை நிரந்தரமாகக் கோணலாக்கிவிடலாம். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டு விழுந்த பிள்ளையைத் தூக்கவே கூடாது. அசைக்காமல் அப்படியே விட்டு 108ஐ அழைக்க வேண்டும். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. வீங்கிய மூட்டோடு வரும் பிள்ளையைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள்.