கூட்டத்தில் தள்ளுபவர் யார்?

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால், தில்லியில் பயிலும் நம்மவர் பலர் இந்தியா கேட் திடலுக்குப் புறப்பட்டு விடுகின்றனர். ஊரே அங்குத் திரண்டுவிட்டதோ என்று ஐயுறும் அளவுக்குக் கூட்டம்! நாலா பக்கமும் ஒரே கேள்வி: "யாரப்பா தள்ளுவது?" பௌதிக மாணவன் என்ற முறையில் நான் அதற்கு விடை தேடினேன். விடை விந்தையானது: பல வேளைகளில் யாருமே தள்ளுவதில்லை!

இதனை ஒரு சதுக்கத்திலேயே அளந்து காட்டியிருக்கின்றனர். ஸ்பெயின் நாட்டின் பாம்ப்லோனா நகரில் ஆண்டுதோறும் ஜூலை 6-ஆம் நாள் நண்பகலில் சான் ஃபெர்மின் திருவிழா தொடங்கும். நகர மன்றத்தின் முன்னுள்ள சதுக்கம் சுமார் 50 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமுமே உடையது. அதற்குள் ஏறத்தாழ 5,000 பேர் கூடுவர். டெனி பார்த்தோலோ என்ற பிரெஞ்சு அறிஞரும் அவர் குழுவினரும் இக்கூட்டத்தை உயரத்திலிருந்து படம் பிடித்து ஆராய்ந்து, 2025-இல் முடிவை வெளியிட்டனர்.

ஒரு சதுர மீட்டரில் நால்வருக்குக் குறைவாக நிற்கும்வரை அவரவர் விருப்பப்படி அசையலாம். அவ்வெல்லை கடந்ததும் உடலோடு உடல் நெருங்கி, ஒருவர் அசைவு அடுத்தவருக்குப் பரவுகிறது. நூற்றுக்கணக்கானோர் ஓருடல் போல் வட்டமிட்டு ஆடத் தொடங்குகின்றனர். பாம்ப்லோனாவில் ஒரு சுற்றுக்குச் சுமார் 18 வினாடி. தூண்டுவோர் எவருமில்லை, நெருக்கமே ஆட்டத்தைப் பிறப்பிக்கிறது.

இதை விளையாட்டாக எண்ணிவிடலாகாது. 2014 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டை வரவேற்க ஷாங்காய் நகரின் சென் யீ சதுக்கத்தில் திரண்டவருள் 36 பேர் மாண்டனர். மேடைக்கு ஏறுவோரும் இறங்குவோரும் படிக்கட்டில் நெருக்குண்டதே காரணம். இத்தகைய நெரிசலில் மிதிபட்டு இறப்பவரினும், மார்பு அழுந்தி மூச்சுவிட இயலாது இறப்பவரே மிகுதி. நின்ற நிலையிலேயே உயிர் பிரிவதுமுண்டு.

ஆகவே நண்பர்களே, நாற்புறமும் பிறர் உடல் நம்மீது படுமாயின், உடனே ஓரத்தை நாடுங்கள். கூட்டம் தானே ஆடத் தொடங்குவது எச்சரிக்கை மணி. அகப்பட்டுக் கொண்டால், இரு கைகளையும் மார்புக்கு முன்னே மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். கீழே விழுந்த பொருளுக்காகக் குனியாதீர்கள். சுவரையும் படிக்கட்டையும் தவிருங்கள். அலை தணியும் கணத்தில் குறுக்காக நகர்ந்து வெளியேறுங்கள்.

சினந்து திருப்பித் தள்ளாதீர்கள். நம்மை நெருக்கும் அவ்விசையோடு நம் விசையையும் கூட்டுவதன்றி, அதனால் வேறு பயனில்லை.